முந்நூற்று நாற்பது ஆடுகளும் ஒரு பிராசசரும்

ஐந்து நாற்பதுக்கு அப்பாவின் கம்ப்யூட்டர் என் கட்டில்மேல் பதினொரு துண்டுகளாகக் கிடந்தது. ஏழு மணிக்கு அப்பா வந்துவிடுவார். எட்டு மணிக்குள் அதே கம்ப்யூட்டரில் ஒரு மாடிப்படி வரைபடத்தைத் திருத்தி அனுப்பியாக வேண்டும்.

"பயப்படாத பாப்பா. எது எங்க இருந்துச்சுன்னு எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு," என்றார் மாமா.

அவர் கையில் ஒரு ஸ்க்ரூ இருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுல இருந்து வந்துச்சு?"

"எல்லாம் ஞாபகம் இருக்குன்னு சொன்னீங்களே."

"மத்ததெல்லாம் ஞாபகம் இருக்கு," என்றார்.

பதினாறு வயதுப் பெண் வீட்டை விட்டு ஓடினால் எங்கே போய்ச் சேருவாள் என்று யோசித்துப் பார்த்தேன். மாமா வீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்த யோசனையைக் கைவிட்டேன்.

அப்பா இப்போது பக்கத்து அறையில்தான் தூங்குகிறார். அதனால் சத்தம் போடாமல், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். அப்பா வீட்டிலேயே உட்கார்ந்து கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். அவருடைய பிழைப்பு முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. சாயங்காலம் அவர் வேலை முடிந்து எழுந்த பிறகு நான் அதில் விளையாடலாம். ஒரே ஒரு நிபந்தனை, பெட்டியைத் திறக்கக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன்னால் மாமா "தூசி தட்டிக் குடுக்கறேன் அத்தான்" என்று சொல்லி உள்ளே ஈரத்துணியால் துடைத்த பிறகு வந்த நிபந்தனை அது.

"நீ தொறந்தாலும் சரி, உங்க மாமா தொறந்தாலும் சரி, அன்னிக்கோட உன் விளையாட்டு முடிஞ்சுது," என்று அப்பா சொன்னார். அவர் எதையும் இரண்டு தடவை சொல்கிறவர் இல்லை.

நான் விளையாடுவது ஊர் கட்டுகிற விளையாட்டு. ஐந்து பேரோடு ஆரம்பித்தால், அவர்கள் மரம் வெட்டி, வீடு கட்டி, பயிர் வைத்து, பிள்ளை பெற்றுப் பெருகுவார்கள். யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் நம் வேலை. என் ஊரில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், முந்நூற்று நாற்பது ஆடுகள். பள்ளிக்கூட கம்ப்யூட்டர் குழுவில் போட்டி வைத்திருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமைக்குள் யாருடைய ஊர் முப்பதாவது வருடத்தைத் தொடுகிறதோ அவர்களுக்கு வெற்றி. நான் இருபத்தொன்பதாவது வருடத்தில், எல்லோருக்கும் முன்னால் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் சாப்பிட எழுந்தபோது ஊர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது நொண்ட ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன் அரை நிமிடத்தில் முடிந்த ஊரின் ஒரு நாள், புதன்கிழமை பன்னிரண்டு நிமிடம் எடுத்தது. வியாழக்கிழமை ஒருவன் கோடாரியை ஓங்கினான். அது மரத்தில் படுவதற்குள் நான் குளித்துவிட்டே வந்துவிட்டேன்.

மாமாவிடம் சொன்னேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

"இதுல எத்தனை கோர்?" என்று கேட்டார் மாமா.

"ஆறு."

"ஆறா? இருநூறு பேரையும் முந்நூறு ஆட்டையும் மேய்க்க ஆறு பேரு எப்படிப் பத்தும்? லிஃப்ட்டுல கூட ஆறு பேர்தான் ஏறலாம்."

பிராசசருக்குள் இருக்கும் ஒவ்வொரு கோரும் ஒரு ஆள் மாதிரி, ஆள் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்று விளக்கினார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவருக்குத் தெரிந்த கடையில், ஏதோ அலுவலகத்தில் கழற்றிப் போட்ட பதினாறு கோர் பிராசசர் ஒன்று இருந்ததாம். இதே போர்டில் அப்படியே உட்காருமாம். பழையதைக் கொடுத்தால் மாற்றிக் கொடுப்பார்களாம்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது. அவருக்கும் வேகமாத்தான் ஓடப்போகுது. வேகமா ஓடுற கம்ப்யூட்டரைப் பாத்து எவனாவது சந்தேகப்படுவானா?"

சனிக்கிழமை இரண்டு மணிக்கு அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு மாடிப்படியை அளக்கப் போனார். கட்டடத்தில் மறுநாள் காலை படிக்குக் கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கப்போகிறார்கள். படியின் உயரத்தில் ஏதோ வித்தியாசம் இருந்ததால், திருத்திய வரைபடம் எட்டு மணிக்குள் மேஸ்திரியின் கைக்குப் போயாக வேண்டும்.

அப்பா தெருமுனையில் திரும்பினார். மாமா மறுமுனையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். பழைய பிராசசரைக் கழற்றினார், ஒரு கைக்குட்டையில் சுற்றினார், கடைக்குப் போனார், புதியதோடு திரும்பி வந்தார், பொருத்தினார். நாலு மணிக்குக் கம்ப்யூட்டர் உயிரோடு எழுந்தது.

விளையாட்டைத் திறந்தேன். முன்னால் ஒரு நாளுக்குப் பன்னிரண்டு நிமிடம். இப்போது இருபது.

"சூடு பிடிக்கணும்," என்றார் மாமா.

சூடு பிடித்தது. வேகம் பிடிக்கவில்லை. எந்தக் கோர் என்ன செய்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். பதினாறு சின்னக் கட்டங்கள். ஒரு கட்டம் உச்சி வரைக்கும் நிரம்பி இருந்தது. மீதிப் பதினைந்தும் காலி. வீடு மாற்றுகிற அன்றைக்கு ஒருத்தர் பீரோவைத் தூக்க, பதினைந்து பேர் "பாத்து, பாத்து" என்று சொல்வார்களே, அந்த மாதிரி.

எனக்குத் திடீரென்று அப்பாவின் வரைபடம் ஞாபகம் வந்தது. அதையும் திறந்து பார்த்தேன். ஒரு நிமிடத்தில் திறக்கும் மாடிப்படி இரண்டு நிமிடம் கழித்துத்தான் வந்தது. அங்கேயும் ஒரு கட்டம்தான் நிரம்பியது.

மாமா கடைக்காரருக்கு போன் போட்டு, நானும் கேட்கும்படி மேஜையில் வைத்தார்.

"என்ன கேம்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஊர் கட்டற கேம்."

"அடடா. அதெல்லாம் முக்காவாசி ஒரே ஆள் ஓட்டற வண்டி சார். யார் எங்க போகணும், எந்த ஆடு எந்தப் புல்லைத் திங்கணும்னு ஒரே ஒரு கோர்தான் வரிசையா கணக்குப் போட்டுட்டு வரும். ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. மத்த பதினஞ்சும் வேடிக்கைதான் பாக்கும்."

"வரைபடம் போடறதும் அப்படித்தானா?"

"பெரும்பாலும் அப்படித்தான். அந்த ஒரு ஆள் எவ்வளவு வேகமா வேலை செய்யறான்னுதான் பாக்கணும். உங்க பழசு ஆறு பேர்தான், ஆனா ஒவ்வொருத்தனும் சூரன். மூணு புள்ளி ஆறு வேகம். இது பதினாறு பேர், ஒவ்வொருத்தனும் ரெண்டு புள்ளி மூணு."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க எங்க சார் கேட்டீங்க? 'இருக்கறதுலயே பெரிசா ஒண்ணு குடுங்க'ன்னீங்க. குடுத்தேன்."

மாமா தொண்டையைச் செருமினார். "சரி, பழசைக் குடுத்துடுங்க. இப்பவே வரேன்."

"அதை அப்பவே ஒருத்தருக்கு மாட்டிக் குடுத்துட்டேனே. எடுத்துட்டும் போயிட்டாரு. அவரும் கேம் ஆடறவர்தான். விவரமான ஆளு. பாத்த உடனே கேட்டு வாங்கிட்டாரு."

போன் அடங்கியது.

"பிராசசர் சூடாகாம இருக்கத் தடவற பேஸ்ட்டைச் சரியா தடவலையோ என்னவோ," என்று மாமா சொன்னார். அதைச் சரிபார்ப்பதற்காகத்தான் பெட்டி கட்டிலுக்கு வந்தது. அப்படித்தான் பதினொரு துண்டானது.

ஆறு மணிக்கு அதை மறுபடி ஒரே துண்டாக்கி அப்பாவின் மேஜையில் வைத்தோம். அந்த ஸ்க்ரூ மட்டும் வெளியே நின்றுவிட்டது. பெட்டி சூடாகிறது என்று மாமா அதன் பக்கத்து மூடியைக் கழற்றி வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வருவது முகத்திலேயே தெரியும். புருவம் முதலில் மேலே போகும்.

"பாப்பா, பதினஞ்சு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டா என்ன?"

"எந்தப் பதினஞ்சு பேரு?"

"சும்மா நிக்கறானுங்களே, அவனுங்களைத்தான். கூட்டம் கலைஞ்சா மிச்சம் இருக்கறவன் மூச்சு விட்டு வேலை செய்வான். தனியா ஓடினா மூணு புள்ளி ஆறு வரைக்கும் போவான்னு நெட்ல போட்டிருக்கு."

கம்ப்யூட்டர் எழுவதற்கு முன்னால் வரும் நீலத்திரைக்குள் போய்ப் பதினைந்து கோர்களை அணைத்தார். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் ஆறு பேரைப் போதாது என்று துரத்திவிட்டுப் பதினாறு பேரைக் கூட்டி வந்தோம். இப்போது எங்களிடம் ஒருத்தன்தான் மிச்சம்.

அந்த ஒருத்தன் வேகமாகத்தான் ஓடினான். ஆனால் எல்லாவற்றுக்கும் அவனே ஓட வேண்டியிருந்தது. ஆட்டுக்கும் அவன்தான், மவுசுக்கும் அவன்தான், கடிகாரத்துக்கும் அவன்தான். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மவுசை நகர்த்தினால், அம்பு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பியது.

"பாரத்தைக் குறைக்கணும்," என்றார் மாமா. "உனக்கு எதுக்கு முந்நூத்தி நாப்பது ஆடு?"

"அது தானா பெருகினது."

"அறுத்துடு."

மனசு கேட்கவில்லை. ஆனால் மணி ஆறு இருபது. முந்நூறு ஆடுகளை அறுக்கச் சொல்லி உத்தரவு போட்டேன். கசாப்புக்காரர்கள் எட்டுப் பேரும் கத்தியோடு கொட்டகை வரைக்கும் போய், அங்கேயே நின்றார்கள். ஆடுகளும் எல்லாம் ஒரே பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றன. ஊரே நின்றுகொண்டிருந்ததால், இவர்கள் நிற்பது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. முன்பைவிட மெதுவாகிவிட்டது என்பது மட்டும்தான் தெரிந்தது.

ஆறரைக்கு அம்மா வந்தாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி மருந்தறையில் வேலை. அங்கே ஒரு அலமாரி திறந்து கிடந்தால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். பதினெட்டு வருடமாக அதே வேலை என்பதால், வீட்டிலும் திறந்திருக்கும் எதையும் அவளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதற்குள் வாசல் கதவு, பீரோ, மாவு டப்பா, என் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் மூடிக்கொண்டே வந்தாள்.

"என்னடா தம்பி, நீ எப்ப வந்தே?"

"சும்மாதான்கா. பாப்பாவுக்குக் கணக்குல ஒரு சந்தேகம்."

அம்மா மேஜையிலிருந்த ஸ்க்ரூவை எடுத்தாள். "இது எதோடது?"

"லிஃப்ட்டோடது," என்றார் மாமா.

"இதில்லாமலா ஜனங்க மேல போயிட்டிருக்காங்க?"

"அது உபரிக்கா."

அம்மா அதை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள். அப்பாடா என்று நாங்கள் தண்ணீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. பக்கத்து மூடி ஒழுங்காக மாட்டப்பட்டிருந்தது. டேபிள் ஃபேன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது.

"அம்மா, இதை நீயா மூடினே?"

"தொறந்து கெடந்துச்சு," என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது. அவளைப் பொறுத்தவரை அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆறு ஐம்பதுக்கு மறுபடி எழுப்பினோம்.

"ஒரே ஒரு தடவை கேமை ஓட்டிப் பாத்துடு. ஆடு கொறைஞ்சிருக்கும்," என்றார் மாமா.

"வேண்டாம் மாமா. அப்பா வந்துடுவாரு."

"ரெண்டு நிமிஷம்."

ஓட்டினேன். ஆடு ஒன்றுகூடக் குறையவில்லை. மூடலாம் என்று அம்பை மூலைக்கு நகர்த்தினேன். அது கிளம்புவதற்குள் கேட் சத்தம் கேட்டது. எப்படியோ விளையாட்டைக் கீழே இறக்கி மறைத்தேன். நிறுத்த முடியவில்லை.

அப்பா சட்டைப் பையில் டேப்போடு உள்ளே வந்தார். "வாங்க மாப்ளே," என்று மாமாவிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் முட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி.

மாடிப்படியைத் திறக்கச் சொல்லித் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. ஏழு ஐந்து. ஏழு பத்து. பெட்டிக்குள் ஃபேன் கிளம்பப்போகும் பஸ் மாதிரி இரைந்தது.

"என்ன இது, இப்படிக் கத்துது?" என்றார் அப்பா.

"வெயில் ஜாஸ்தி அத்தான்," என்றார் மாமா. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

ஏழு இருபத்தைந்துக்கு மேஸ்திரி போன் செய்தார். "அனுப்பிடறேன். கொஞ்சம் பொறுங்க," என்றார் அப்பா. அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. போனை வைத்துவிட்டுக் குனிந்து பெட்டியைப் பார்த்தார். மூடியின் ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தது. மாமா சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

அப்பாவின் கை மூடியை நோக்கிப் போனது.

"அப்பா, கேம் ஓடிட்டிருக்கு," என்று சொல்லிவிட்டேன். கையை நிறுத்த வேறு எதுவும் தோன்றவில்லை. "பின்னாடி ஓடுது. நான்தான் மூடாம விட்டுட்டேன். செவ்வாக்கெழமைல இருந்து ரொம்ப மெதுவா இருக்கு. அதான் எல்லாமே மெதுவா இருக்கு."

அப்பா நிமிர்ந்தார். "காட்டு."

ஒரு நிமிடம் கழித்து ஊர் திரையில் வந்தது. மேலிருந்து பார்க்கும் ஊர். வீடுகள் சதுரம் சதுரமாக, சுவர்கள் கோடு கோடாக. இருபது வருடமாகக் கட்டடங்களை அப்படி மேலிருந்தே பார்த்துப் பழகியவர் அப்பா. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன?"

"ஆட்டுக் கொட்டகை."

"எத்தனை ஆடு?"

"முந்நூத்தி நாப்பது."

"எல்லாம் ஏன் ஒரே பக்கமா பாக்குது?"

நானும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

"புல்லு எங்க இருக்கு?" என்று கேட்டார் அப்பா.

"கொட்டகைக்கு வெளிய."

"வாசல் இது ஒண்ணுதானே. பூட்டு போட்டிருக்கே." பென்சில் முனையால் திரையில் அந்த இடத்தைத் தொட்டார். வாசலில் கடுகளவில் ஒரு பூட்டுப் படம். "முந்நூத்தி நாப்பது பேர் இருக்கற எடத்துக்கு ஒரே வாசல். அதையும் பூட்டி வச்சா, அதுங்க எப்படி வெளிய போறதுன்னு வழி தேடிக்கிட்டேதானே இருக்கும்? கெடைக்கலேன்னா மறுபடி முதல்ல இருந்து தேடும். உள்ள இருக்கற பிராசசர் பாவம், அதுக்கு வேற வேலையே ஓடாது."

"பாவம்," என்றார் மாமா, மிகவும் மெல்லிய குரலில்.

அப்பா அம்பைக் கதவின்மேல் கொண்டுபோய் ஒரு தட்டு தட்டினார். பூட்டு மறைந்தது.

முதல் ஆடு வெளியே வந்தது. பிறகு பத்து. பிறகு பள்ளிக்கூடம் விட்ட மாதிரி எல்லாமும் வந்தன. ஃபேன் சத்தம் படிப்படியாக இறங்கி, பெருமூச்சு விட்டு அடங்கியது. கோடாரியை ஓங்கியவன் வெட்டினான், மரம் விழுந்தது. கசாப்புக்காரர்கள் உள்ளே ஓடுவதற்குள் நான் உத்தரவை ரத்து செய்தேன். விளையாட்டை மூடினேன். ஏழு நாற்பதுக்கு மாடிப்படி திறந்தது. அப்பா இரண்டு அளவுகளை மாற்றி, ஏழு ஐம்பத்தைந்துக்கு மேஸ்திரிக்கு அனுப்பினார்.

"கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கு," என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். "இருந்தாலும் பரவாயில்ல. நாலு நாளா இந்த ஒரு கதவுக்காகவா கஷ்டப்பட்டே? நல்லவேளை, பெட்டியைத் தொறந்து எதையும் நோண்டல. ஆறு கோருல ஒண்ணு போனாக்கூட என் பொழப்பு போச்சு."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார். நான் அந்த ஒருத்தனை நினைத்துக்கொண்டேன்.

"சரி, கதவை யாரு பூட்டினது?" என்று கேட்டார் அப்பா.

"நான் இல்லப்பா."

"எனக்கு அந்த விளையாட்டே தெரியாது அத்தான்."

அம்மா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசற்படியில் நின்றாள்.

"நான்தான். செவ்வாக்கெழமை இவ சாப்பிடப் போனப்ப மேஜையைத் தொடைக்க வந்தேன். ஆட்டுக் கொட்டகை மட்டும் தொறந்து கெடந்துச்சு. ஒரு தட்டு தட்டினேன், பூட்டிக்கிச்சு." மேஜையடியிலிருந்த பெட்டியையும், மாமாவின் சட்டைப் பையையும், என் முகத்தையும் வரிசையாகப் பார்த்தாள். "ஏன், அதைப் பூட்டினதால ஏதாவது ஆயிடுச்சா?"